ஊருக்கு ரோச் லைற் கொண்டுபோகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுபோகும் ரோச் லைற்றுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். லீவு முடியும்வரை நீங்கள். அதற்குப் பிறகு அம்மாவோ, பெரியப்பாவோ, வளவைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அக்காவோ. திரும்பும்போது "இது இங்கேயே கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். ஆகவே நீங்கள் போன பிறகும் அந்த வீட்டில் அது எரியுமா என்பதைத்தான் கடையில் நிற்கும்போது முதலில் யோசிக்க வேண்டும். விலை குறைந்த லைற்றிலேயே அதற்கு ஏற்றவை இருக்கின்றன. ஆனால் பெட்டியில் பெரிதாக அடித்திருக்கும் எண்ணை நம்பி வாங்கினால் அநேகமாகத் தவறானதுதான் கைக்கு வரும்.

கைபேசி லைற் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கரண்ட் போன நேரத்தில்தான் கைபேசியின் சார்ஜும் முக்கியம். 2022 நெருக்கடியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம்கூட மின்வெட்டு இருந்தது. பேசுவதற்கு வேண்டிய பற்றரியைக் கிணற்றடிக்குப் போய்வரச் செலவழிக்கக் கூடாது.

லுமென் என்ற எண்

லுமென் என்பது லைற்றிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளியின் அளவு. மலிவு லைற்றுகளில் 10,000 லுமென், 50,000 லுமென் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். இது பொய்யா என்று வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கலாம். ஒழுங்காகச் செய்த எல்இடி ரோச் ஒன்று ஒரு வாற் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 100 லுமென் தரும். அப்படியானால் 10,000 லுமெனுக்கு 100 வாற் வேண்டும். கைக்குள் அடங்கும் ஒற்றைப் பற்றரி லைற்றால் அதைக் கொடுக்கவும் முடியாது, கொடுத்தாலும் அந்தச் சூட்டில் அதைப் பிடிக்கவும் முடியாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு நேரம் எரியும் என்பதும் தெரிந்துவிடும். 18 மில்லிமீற்றர் தடிப்பும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட 18650 லித்தியம் பற்றரியை எடுத்துக்கொள்வோம். 3000 எம்ஏஎச் (மில்லி அம்பியர்-மணி) கொள்ளளவை 3.6 வோல்ற்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 10.8 வாற்மணி, அதாவது ஒரு வாற் வீதம் 10.8 மணி நேரத்துக்கு வேண்டிய மின்சாரம். 100 லுமெனில் எரித்தால் பத்து மணி நேரம் போகும். 1000 லுமெனில் கணக்குப்படி ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதற்கு முன்பே உடல் சுட்டு, லைற் தானாக ஒளியைக் குறைத்துக்கொள்ளும். நல்ல லைற் அப்படித்தான் செய்ய வேண்டும், அது பழுதல்ல.

அமெரிக்கத் தரமுறையான 'ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1' குறி பெட்டியில் இருந்தால் அந்த எண்களுக்கு ஒரு மதிப்பு உண்டு. லைற்றைப் போட்டு அரை நிமிடம் கழிந்த பிறகே ஒளியை அளக்க வேண்டும் என்பது அதன் விதி. எரியும் நேரத்தில் மட்டும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ஒளி தொடக்கத்தின் பத்தில் ஒரு பங்காக இறங்கும்வரை உள்ள நேரத்தைத்தான் அதில் போடுவார்கள். "8 மணி நேரம்" என்றிருப்பதில் கடைசிப் பாதி வெறும் மினுக்கமாகவும் இருக்கலாம்.

நம் கண்ணும் லுமெனை நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரிய ஏறக்குறைய நான்கு மடங்கு லுமென் வேண்டும். 300 லுமெனுக்கும் 400 லுமெனுக்கும் உள்ள வித்தியாசம் பெட்டியில்தான் தெரியும், முற்றத்தில் தெரியாது. வீட்டுக்குள் 20, ஒழுங்கையில் நடக்க 100 அல்லது 150, வளவின் பின்பக்கத்தில் சத்தம் கேட்டால் அடித்துப் பார்க்க 500. இவ்வளவு இருந்தால் தாராளம்.

பற்றரிதான் விசயம்

ஊரில் பென்ரோச் பற்றரி என்று கேட்டால் தருகிற ஏஏ பற்றரியில் எரியும் லைற்தான் வயதானவர்களுக்கு என் முதல் தெரிவு. ஒளி குறைவு, பார்க்கப் பழைய மாதிரி, சரி. ஆனால் அந்தப் பற்றரி எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், மாற்றவும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அதன் ஒரே எதிரி கசிவு. தீர்ந்த அல்கலைன் பற்றரியை மாதக்கணக்கில் உள்ளே விட்டால் வெள்ளையாகப் பூத்துச் சுருளைத் தின்றுவிடும். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகை ஏஏ பற்றரிகளையும் சிறிய சார்ஜர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்த வீட்டுக்கு 18650 பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடிய, உடலிலேயே யூஎஸ்பி-சி துளை உள்ள லைற் நல்லது. விலை குறைந்த வகையில் சோஃபிர்ன், வுர்க்கோஸ், கொன்வோய் போன்ற சீன நிறுவனங்களின் லைற்றுகளை இதில் ஆர்வமுள்ளவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். பற்றரியோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக வாங்கும்போது "9900 எம்ஏஎச்" என்று எழுதிய 18650 பற்றரியைத் தொடவே வேண்டாம். அந்த அளவில் நேர்மையான பற்றரிகள் பெரும்பாலும் 2500க்கும் 3500க்கும் இடையில்தான் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தால் நல்லது ஏறக்குறைய 45 கிராமோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 30 கிராமில் நின்றால் உறைக்குள் அரைப் பற்றரிதான் இருக்கிறது.

பற்றரியைக் கழற்றவே முடியாத யூஎஸ்பி லைற்றுகள் மலிவு, கைக்கும் அடக்கம். உள்ளே இருக்கும் பற்றரி செத்தால் லைற்றும் சேர்ந்து செத்தது. நீங்கள் மட்டும் பாவிக்க என்றால் தாராளமாக வாங்கலாம். மடிக்கும் பிளக் முள்ளோடு நேரே சுவரில் செருகுகிற பெரிய லைற்றுகளை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அவற்றில் பலவற்றுக்குள் ஈய-அமிலப் பற்றரி இருக்கும். பற்றரி இறங்கிய நிலையில் நீண்ட காலம் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாது. மின்வெட்டுக்காக அலுமாரியில் எடுத்து வைத்த லைற் மின்வெட்டு அன்று எரியாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். வட அமெரிக்காவில் வாங்கியதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் கரண்ட் 230 வோல்ற், 120க்கு மட்டும் செய்ததைச் செருகினால் புகைதான் வரும். யூஎஸ்பி சார்ஜரில் "100-240" என்று இருந்தால் பயமில்லை, முள்ளுக்கு அடப்டர் ஒன்று போதும்.

பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் வயர். மலிவு லைற்றுகள் சிலவற்றில் யூஎஸ்பி-சி துளை இருந்தாலும், இரு முனையும் சி ஆக உள்ள வயரில் சார்ஜ் ஏறாது. அந்தத் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்ரர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் எதிரே ஒரு கருவி இருப்பதே சார்ஜருக்குத் தெரியாது. ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி-ஏ ஆக உள்ள வயரில் அதே லைற் ஒழுங்காக ஏறும். "நீ கொண்டுவந்த லைற் பழுதாப்போச்சு" என்று தொலைபேசி வந்தால் முதலில் எந்த வயர் என்று கேளுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 14500 என்ற லித்தியம் பற்றரி பார்ப்பதற்கு ஏஏ பற்றரி மாதிரியே இருக்கும், ஆனால் அதில் 3.7 வோல்ற். யாராவது தெரியாமல் அதைச் சுவர்க்கடிகாரத்திலோ ரிமோட்டிலோ போட்டால் அது கருகும். ஊர் வீட்டுக்கு அந்த வகை வேண்டாம்.

தூரம், நிறம், பொத்தான்

ஒரே லுமெனில் ஒரு லைற் தூரத்தில் ஒரு புள்ளியாகப் பாயும், இன்னொன்று காலடியில் விரியும். தூரத்தைச் சொல்லும் எண் கண்டெலா. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 10,000 கண்டெலா என்றால் 200 மீற்றர். ஆனால் அந்த 200 மீற்றரில் கிடைப்பது நிலா வெளிச்சம் அளவுதான். உண்மையில் ஆளை அடையாளம் காண அதில் பாதித் தூரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நடப்பதற்கு விரிந்த ஒளிதான் தேவை. பார்க்க வேண்டியது பாதையில் கிடப்பதை, பனை உச்சியை அல்ல. முன்பக்கத்தை இழுத்துச் சுருக்கி விரிக்கும் 'சூம்' லைற்றுகள் விளையாட நன்றாக இருக்கும், ஆனால் அசையும் அந்த இடத்தால் தண்ணீரும் தூசும் உள்ளே போகும்.

நிறத்தை யாரும் கவனிப்பதில்லை. 6500 கெல்வின் என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. 5000க்கும் 4000க்கும் இடையில் இருந்தால் கண்ணுக்கு இதம். சிஆர்ஐ என்பது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு. மலிவு லைற்றுகளில் பெரும்பாலும் 70, நிச்சியா போன்ற நிறுவனங்களின் எல்இடி பொருத்தியவற்றில் 90க்கு மேலும் கிடைக்கும். கடையில் இது ஆடம்பரமாகத் தெரியலாம். காய்ந்த சருகுக்குள் அதே நிறத்தில் சுருண்டு கிடக்கிற புடையன் பாம்பைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் கூடுதல் 200 லுமெனைவிட இதுதான் உதவும்.

அம்மாவின் கையில் கொடுத்து ஒருதரம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உச்சம், நடு, குறைவு, கண்ணைப் பறிக்கும் மின்னல், எஸ்ஓஎஸ் என்று மாறிக்கொண்டே போகும் லைற்றை அவர் இரண்டாம் நாளே மேசைக்குள் போட்டுவிடுவார். இரண்டு அல்லது மூன்று நிலை, மின்னல் இல்லாமல், அல்லது நீண்ட நேரம் அழுத்தினால் மட்டும் வருகிற மாதிரி இருக்க வேண்டும். இரவில் எழும்பிப் போக ஐந்து லுமெனுக்குக் குறைந்த ஒரு நிலை இருந்தால் மற்றவர்களின் நித்திரையும் கெடாது.

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஐபிஎக்ஸ் குறி. மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், வாளிக்குள் விழுந்தால் எடுத்துத் துடைக்கலாம். கிணற்றுக்குள் விழுந்தால் புதிதுதான். மின்வெட்டில் சமைக்க, கிணற்றில் அள்ள, பிள்ளையைத் தூக்க எல்லாம் இரண்டு கையும் வேண்டுமென்றால், தலையில் கட்டும் லைற் ஒன்றும் சேர்த்து எடுங்கள். வால் தட்டையான ரோச்சை நிமிர்த்தி வைத்தால் வெள்ளைத் தட்டுப் போட்ட கூரையில் ஒளி பட்டு அறை முழுவதும் பரவும். ஓட்டு வீட்டில் அது மேலேயே தொலைந்துவிடும், அங்கே வாய் மேல் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கோப்பையைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

கட்டுவதற்கு முன்

வாங்கியவுடன் சூட்கேசுக்குள் போடாதீர்கள். இருட்டறையில் பழைய லைற்றையும் புதியதையும் ஒரே தூரத்திலிருந்து சுவரில் அடித்துப் பாருங்கள். குறைந்த நிலையில் வைத்துக் கைபேசிக் கமராவால் பார்க்கும்போது வரிவரியாக ஓடினால் அது வேகமாக அணைந்தெரிகிற லைற். சிலருக்குத் தலையிடிக்கும். ஒருமுறை முழுதாக எரியவிட்டு, திரும்ப ஏற்றிப் பாருங்கள். பழுதானால் மாற்றித்தர நீங்கள் வாங்கிய கடையால் முடியும், தாயகத்திலிருந்து திருப்பி அனுப்ப யாராலும் முடியாது.

விமானத்தில் உதிரி லித்தியம் பற்றரியும் பவர் பாங்கும் கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும், சூட்கேசில் போடக் கூடாது. 100 வாற்மணிதான் பொது எல்லை, 18650 அதற்கு வெகு கீழே. உதிரி ஒவ்வொன்றும் தனிப் பெட்டியிலோ, முனையில் நாடா ஒட்டியோ இருக்க வேண்டும், சாவியோடு உரசினால் தீப்பிடிக்கலாம். பற்றரி உள்ளே உள்ள லைற்றையும் கைப்பையில் வைப்பதே நல்லது. வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் பல லைற்றுகள் தவறுதலாக எரியாது. மின் அதிர்ச்சி தருகிற, தடி மாதிரி நீண்ட, முனையில் பல்லு வைத்த லைற்றுகளைக் கொண்டுபோய்ப் பாதுகாப்புச் சோதனையில் தர்க்கம் பண்ண வேண்டாம்.

விட்டுவிட்டு வரும்போது லித்தியம் பற்றரியைப் பாதி அளவு சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் பார்த்து ஏற்றினால் போதும். பொருந்துகிற யூஎஸ்பி-ஏ வயரை லைற்றோடு இறப்பர் வளையத்தால் கட்டி, "இந்த வயர் மட்டும்" என்று ஒரு துண்டு நாடாவில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.