'ஓம்' என்றால் சம்மதமா? பணியிடத் தொடர்பாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை செய்பவர் காலையில் தமிழில் கணக்குப் பார்த்து, பத்து மணிக்குச் சிங்களத்தில் விலை பேசி, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆங்கில மின்னஞ்சல் ஒன்றுக்குப் பதில் எழுதிவிடுவது இங்கே சாதாரண நாள்தான். அதனால் பணியிடத்தில் எழும் குழப்பங்களுக்கெல்லாம் மொழியையே காரணமாகச் சொல்லிவிடுகிறோம். நான் கண்ட அளவில், பெருஞ்சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே மொழியை நன்றாகப் பேசும் இருவருக்கிடையில்தான், தான் சொன்னதும் மற்றவர் விளங்கிக்கொண்டதும் ஒன்றே என்று இருவரும் நம்பிவிட்டதால் நேர்ந்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் பரவலான தவறு, 'ஓம்' என்ற விடையைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. நம்மவர் வாயில் 'ஓம்' என்பது 'ஏற்றுக்கொள்கிறேன்' என்றும் பொருள்படும். 'காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்' என்றும் பொருள்படும். மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கையில் 'ஓம் சேர், ஓம் சேர்' என்று தலையாட்டும் ஊழியர் பல வேளைகளில் மரியாதையைத்தான் தெரிவிக்கிறாரே தவிர, வாக்குறுதி எதையும் தரவில்லை. 'பார்ப்பம்' என்பது அதைவிட நுணுக்கமானது. முகத்துக்கு நேரே மறுக்க விரும்பாதவர் சொல்லும் மறுப்பு அது. சிங்களத்தில் 'பலமு' என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே 'விளங்கினதோ?' என்று கேட்பதில் பயனில்லை, அதற்கும் 'ஓம்' என்ற பதிலே வரும். 'எந்த வேலையை முதலில் எடுக்கப் போறீங்கள்?', 'இதில் எது கஷ்டமாக வரும்?' என்று கேட்டால், பதில் சொல்லத் தொடங்கும்போதே அவருக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது வெளியே வந்துவிடும்.

நேரத்தையும் நாளையும் வாய்மொழியாக விட்டுவிடுவது அடுத்த தவறு. இதற்கு நானே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் முன்பதிவுப் பொறுப்பில் இருந்தபோது, ஒரு புதன்கிழமை சாரதியிடம், 'வாற வெள்ளி விடிய அஞ்சு மணிக்குக் கட்டுநாயக்கா போகவேணும்' என்று சொன்னேன். அவரும் 'ஓம்' என்றார். வெள்ளி விடியற்காலை பெட்டிகளோடு நான்கு விருந்தினர் வாசலில் நிற்க, வாகனம் வரவில்லை. ஐந்து இருபதுக்குத் தொலைபேசியை எடுத்த சாரதி தூக்கக் கலக்கத்திலும் தெளிவாகவே பேசினார்: 'இந்த வெள்ளியெண்டால் நீங்கள் நாளையிண்டைக்கு எண்டெல்லோ சொல்லியிருப்பீங்கள்?' அவர் சொன்னதில் பிழையில்லை. புதன்கிழமை நின்றுகொண்டு 'வாற வெள்ளி' என்றால் அவருக்கு அது அடுத்த கிழமை வெள்ளி. எனக்கு நாளை மறுநாள். அன்றிலிருந்து கிழமை, திகதி, நேரம் மூன்றையும் சேர்த்து எழுதி அனுப்பாமல் நான் எந்த வாகனத்தையும் ஒழுங்கு செய்ததில்லை. நள்ளிரவுக்குப் பின் வருபவர்கள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும்: '14ஆம் திகதி இரவு 1 மணி' என்று பேச்சில் சொல்லப்படும் நேரம் நாட்காட்டியில் 15ஆம் திகதி. வெளிநாட்டவருக்கு எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

விளிக்கும் சொற்களில் ஏற்படும் தவறுகள் சிறியவையாகத் தோன்றினாலும் மனத்தில் நெடுநாள் தங்குபவை. வயதில் மூத்த ஊழியரை இளம் மேற்பார்வையாளர் பெயர் சொல்லி அழைப்பது எத்தனை நவீன நிறுவனத்திலும் உறுத்தும். 'அண்ணை', 'அக்கா', முஸ்லிம் சகபாடிகளானால் 'நானா' என்று அழைத்துவிட்டு வேலையில் கண்டிப்பாக இருப்பது ஒன்றுக்கொன்று முரணானதல்ல. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். தமிழில் 'ஐயா' என்றால் பெரியவர். சிங்களச் சகபாடி ஒருவர் உரிமையோடு 'அய்யா' என்று அழைக்க, தனக்குத் தனி மரியாதை கிடைத்துவிட்டதாக நெஞ்சு நிமிர்ந்த தமிழ் முகாமையாளர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒருவருக்கு விளங்காத மொழியில் அவர் முன்னாலேயே பேசிச் சிரிப்பது இதைவிடப் பாரதூரமானது. பேசுபொருள் நேற்றைய கிரிக்கெட்டாகவே இருக்கலாம். விளங்காதவருக்கு அது தன்னைப் பற்றிய பேச்சாகவே கேட்கும். தமிழர் மூவரிடையே ஒரு சிங்களவர் இருந்தாலும், சிங்களவர் மூவரிடையே ஒரு தமிழர் இருந்தாலும் நிலைமை இதுதான். இதற்குத் தீர்வாகக் கூட்டங்களை முழுக்க ஆங்கிலத்தில் நடத்துவது இன்னொரு தவறுக்கு வழிவிடுகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. கூட்ட அறையிலோ அந்த இணைப்பு மொழி, நன்றாக ஆங்கிலம் பேசுபவரின் கருத்தையே நல்ல கருத்தாகக் காட்டிவிடுகிறது. படகு இயந்திரத்தின் ஓசையை வைத்தே பழுதைச் சொல்லக்கூடிய மெக்கானிக் மூலையில் மௌனமாக இருப்பார். அந்த வேலையைக் கையால் செய்பவரிடம் அவருடைய மொழியில் முதலில் கருத்துக் கேட்டுவிட்டு, முடிவை இறுதியில் இரு மொழிகளிலும் ஒருமுறை சொன்னால், அதற்குச் செலவாவது இரண்டு நிமிடம். கூட்டத்தை வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் வைத்துவிட்டு, வராதவர்களைப் பற்றிக் குறைசொல்லக் கூடாது என்பதை இந்த ஊரில் தனியாக எழுத வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் கண்டிப்பது அண்மைக் காலத்து நோய். 'குளிரறைக் கதவை நேற்று யார் பூட்டவில்லை?' என்று முப்பது பேர் உள்ள குழுவில் இரவு பத்து மணிக்கு ஒருவர் கேட்கிறார். யார் என்பது கேட்டவருக்கும் தெரியும், மற்ற இருபத்தெட்டுப் பேருக்கும் தெரியும். ஆகவே அது கேள்வியே அல்ல. தவறு செய்தவர் கதவைப் பற்றி யோசிப்பதை விட்டுத் தன் மானத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார். மறுநாள் காலை தனியாக அழைத்து இரண்டு வசனம் பேசியிருந்தால் போதும். நான்கு நிமிடக் குரல் பதிவில் அறிவுறுத்தல் அனுப்புவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதில் சொன்ன எண்ணிக்கையை மறுபடி தேட முழுவதையும் திரும்பக் கேட்க வேண்டும்.

எழுத்தில் நாம் செய்யும் தவறு, செய்தியை மரியாதைக்குள் புதைத்துவிடுவது. விடுதியொன்றின் படகுப் பிரிவிலிருந்து வந்த கடிதம் ஒன்று 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி, கடந்த பருவத்தின் சிறப்பைப் போற்றி, நிர்வாகத்துக்கு நன்றி கூறி, மூன்றாம் பந்தியின் கடைசி வரியில், புறாத்தீவுக்குச் செல்லும் படகுகளில் உள்ள உயிர்காப்பு அங்கிகளில் பன்னிரண்டு கிழிந்திருப்பதைச் சொன்னது. முகாமையாளர் முதற்பந்தியோடு அதைக் கோப்பில் வைத்துவிட்டார். அதே பிரிவினர் மறுபடி எழுதியபோது தலைப்பிலேயே இப்படி இருந்தது: '12 உயிர்காப்பு அங்கிகள் பழுது, ஏப்ரல் 20க்கு முன் புதியவை தேவை.' அன்று பின்னேரமே கொள்வனவுப் பிரிவிலிருந்து எந்த அளவில் எத்தனை வேண்டும் என்று கேட்டுத் தொலைபேசி வந்தது.