காரின் மூல மீட்டர் பெட்டிக்குள் புதிய மீட்டர்களைப் பொருத்துவோர் கவனத்திற்கு

வெளியில் வாங்கும் மீட்டர்களில் பெரும்பாலானவை 52 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை என்பதால், காரின் மூல மீட்டர் பெட்டியில் (காருடன் தொழிற்சாலையிலிருந்தே வரும் பெட்டி) துளை வெட்டுவதற்கு முன்பாக, முகப்பின் அகலத்தை மட்டுமல்லாமல், பின்புறம் வயர் முனைகளுக்கு வேண்டிய ஆழத்தையும் அளந்துகொள்ள வேண்டும். ஆழம் போதாமல் கண்ணாடி மூடாமற்போவதே பலர் சந்திக்கும் சிக்கல்.

அதைவிட முக்கியமானது சென்சார் பொருத்தம். எரிபொருள் மீட்டர்களில் சில சென்சாரின் மின்தடை 240 முதல் 33 ஓம் வரையிலும், சில 10 முதல் 180 ஓம் வரையிலும் இயங்குபவை. முன்னதில் 240 என்பது காலித் தொட்டியைக் குறிக்க, பின்னதில் 10 என்பதே காலியைக் குறிப்பதால், பழைய சென்சாருடன் பொருந்தாத மீட்டரை இணைத்தால் முள் தலைகீழாகவே நகரும். ஆகவே மல்டிமீட்டரால் சென்சாரை முதலில் சோதித்துவிடுங்கள். ஒற்றை வயர் ஆயில் பிரஷர் சென்சார் தன் திருகு மறையின் வழியாகவே இன்ஜினில் எர்த் பெறுவதால், அங்கே டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அளவீடு தடுமாறும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே பெட்டியை வெளியே எடுக்க வேண்டும். பழைய கார்களில் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சர்க்யூட் தாள் மடிந்தாலே அதன் செம்புக் கோடுகள் அறுந்துவிடக்கூடும். துளையைச் சற்றுச் சிறிதாக வெட்டி, அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குவது என் வழக்கம். விளக்கு வயரை டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) இணைப்பிலிருந்தும், மின்சாரத்தைத் தனி ஃபியூஸ் வழியாகவும் எடுக்கவும். ஓடோமீட்டரும் இம்மொபிலைசரும் (திருட்டுத் தடுப்புக் கருவி) இதே பெட்டிக்குள் அடங்கிய புதிய கார்களில் வெட்டும் எண்ணத்தையே விட்டு, முன்கண்ணாடியின் பக்கத்தூணில் தனிக் கூடு அமைப்பது நல்லது.