சீனத்துக்கு இங்கிலீஷ் வழியாகப் போகாதீர்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி வருகிற செப்டம்பரில் சீனாவுக்குப் போகிறாள். ஒரு செமஸ்டர், மொழியும் பண்பாடும் படிக்க. நான் ஷியாமென் நகரத்தில் அதே மாதிரி ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தவள். அதனால் "எக்கா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று லிஸ்ட்டோடு வந்து நின்றாள். முதல் வரியே உப்புக்கண்டம். அடித்துவிட்டேன். இறைச்சி, முட்டை, பால் பொருட்களைப் பயணிகள் பெட்டியில் கொண்டுபோகச் சீனச் சுங்கம் விடாது.

பெட்டி கட்டுவதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நான் அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் வாயால்தான்.

சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். 1958-ல் சீனா அதை ஏற்றுக்கொண்டது. பார்க்க ஏபிசிடி மாதிரி இருப்பதால் நாம் இங்கிலீஷாகவே வாசித்துவிடுகிறோம். அங்கேதான் சறுக்கல். 'க்யூ' எழுத்துக்கு அங்கே 'ச்ச' மாதிரி ஓசை; ஏழு என்பதற்கு 'ச்சீ' என்பார்கள். 'எக்ஸ்' வந்தால் 'ஷி'க்கும் 'ஸி'க்கும் நடுவில் ஒரு மெல்லிய ஓசை.

இதைவிடப் பெரிய குழி, ஏபிசிடியில் இரண்டாவதாக வரும் பி-யும் பதினாறாவதாக வரும் பி-யும். இரண்டாவது பி சீனத்தில் நம்ம 'பல்', 'பாய்' என்பதில் வரும் ப-தான், அப்படியே. பதினாறாவது பி-க்குக் காற்றை ஊதிச் சொல்ல வேண்டும். தமிழில் அந்த ஊதல் கிடையாது. த, க எழுத்துகளிலும் இதே ஜோடி உண்டு. ஊதாமல் 'பாவ் லெ' என்றால் 'வயிறு நெறஞ்சிட்டு'. ஊதிச் சொன்னால் 'ஓடிட்டான்'. ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். 'பல்' என்றால் காகிதம் அசையாது. ஊதல் பி-க்குத் துள்ள வேண்டும். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று இதைச் செய்தேன். அறைத்தோழி எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு வேடிக்கை. 'மனுஷன்' என்பதற்கான சொல்லைப் புத்தகம் 'ரென்' என்று காட்டும். அந்த ர நம்ம ழ-வுக்கு ரொம்பப் பக்கம். வாளப்பளம் என்றே பேசி வளர்ந்த நாங்கள் ழ-வைச் சீனாவில் போய்ச் சரியாகப் பழக வேண்டியிருந்தது!

அடுத்தது சுரம், அதாவது சொல்லில் குரல் ஏறி இறங்கும் விதம். மாண்டரின் என்கிற பொதுச் சீன மொழியில் நான்கு சுரங்கள், அழுத்தமில்லாத ஒன்று தனி. காலையில் காண்டீனில் சோயாப்பாலுக்குச் சீனி கேட்டேன். நம்மூரில் சர்க்கரையைச் சீனி என்றுதானே சொல்கிறோம், அதற்கு அங்கே 'தாங்', ஊதலோடு, குரல் கீழிருந்து மேலே ஏற வேண்டும். நான் சமமாக நீட்டிவிட்டேன். அந்த ஆயீ, அதாவது சித்தி வயது அம்மா, ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். சமமாக நீட்டினால் சூப். ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். சொல்லை மனப்பாடம் செய்துவிட்டுச் சுரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். சுரம் இல்லாத சொல் பாதிச் சொல்கூட இல்லை.

இலக்கணத்திலும் இங்கிலீஷில் யோசித்தால் தலை சுற்றும். சில இடங்களில் தமிழில் யோசித்தால் நேரே வரும். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனத்திலும் நேற்று, வாங்கிய, புத்தகம் என்ற அதே வரிசையில்தான் சொல்கிறார்கள். நாம், நாங்கள் என்ற வித்தியாசம் பெய்ஜிங் பக்கத்துப் பேச்சில் உண்டு: கேட்பவரையும் சேர்த்தால் 'ட்ஸான்மென்', மற்றபடி 'வோமென்'. 'ச்சி லெ மா?' என்று யாராவது கேட்டால் 'சாப்ட்டாச்சா?' என்று அர்த்தம். நம்மூரில் கேட்கிற மாதிரியேதான். விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பின்னாலேயே போய்விடக் கூடாது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. வெறுமனே 'ழோவ்', கறி என்றால், அங்கே பன்றிக்கறி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பிள்ளைகள் 'ச்சிங்ஜென்' போர்டு போட்ட கடையைத் தேட வேண்டும். ஹலாலுக்கு அதுதான் பெயர். சைவக்காரர்கள் 'கறி வேண்டாம்' என்பதோடு நிறுத்தினால் கீரை வதக்கலிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். 'வோ ச்சி சூ', நான் சைவம் சாப்பிடுகிறவள், என்று சொல்லுங்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றிவைப்பது போல இருக்கும்.

காகித வேலை. 180 நாளுக்கு மேற்படாத படிப்புக்கு எக்ஸ்2 விசா. பெரும்பாலும் ஒரே ஒரு முறை உள்ளே நுழையத்தான் அனுமதி. ஹாங்காங்குக்கு ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினால் சீனாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்ப நுழைய விசா இருக்காது. ஹோட்டலில் தங்காமல் வேறு எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் சர்நேம் கட்டத்தில் இருந்தால் வகுப்பில் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது பரவாயில்லை. வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், போனில் பணம் கட்டும் செயலி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பேர் இருக்க வேண்டும். நான் ஓரிடத்தில் இனிஷியலோடு நிறுத்தினேன். அதைச் சரிசெய்ய இரண்டு நாள் அலைந்தேன்.

வீட்டோடு பேசுவது தனிக் கூத்து. வாட்ஸ்அப் அங்கே தடை. சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரியான வீசாட் இங்கே தடை, ஜூன் 2020 முதல். ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டால் வாட்ஸ்அப் வேலை செய்யும். வங்கி ஓடிபி-யும் அந்த சிம்முக்குத்தான் வரும், அதனால் அதை அணைத்துவிடாதீர்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அம்மா ஒன்பது மணி சீரியல் முடித்துவிட்டுக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு.

விடுதியில் எம்பிபிஎஸ் படிக்கிற நம்ம பிள்ளைகள் இருந்தார்கள். முதல் மாதம் தினமும் ராத்திரி அங்கேதான். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. அந்த மாதம் நான் புதிதாகக் கற்ற சீனச் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஊர் சுற்றுவதென்றால் எல்லாரும் பெருஞ்சுவருக்கும் ஷாங்காய்க்கும் ஓடுகிறார்கள். ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி போல, சுவான்ஜோ என்ற துறைமுக ஊர். 1281-ல் அங்கே ஒரு சிவன் கோயிலுக்காகத் தமிழில் வெட்டிய கல்வெட்டு கிடைத்திருக்கிறது, கடைசியில் சீன எழுத்தும் உண்டு. கையுவான் பௌத்தக் கோயிலின் பின்பக்கத் தூண்களில் கண்ணன் நிற்கிறான். தேயிலையின் 'தே' அந்தக் கரையோரப் பேச்சிலிருந்து கப்பலேறியது. செங்கோட்டைப் பக்கத்துச் சாயாவோ மாண்டரினின் 'ச்சா'வுக்குச் சொந்தம்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பிள்ளை நோட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். எழுந்து வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"எக்கா, உப்புக்கண்டத்தைப் பொடி பண்ணி எடுத்துட்டுப் போனா?"

"பொடி பண்ணாலும் அது கறிதான்ட்டி."