காலையில் "உடம்பு சரியில்லை" என்கிறது பிள்ளை: பள்ளிக்கு அனுப்புவதா, வேண்டாமா?

கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு "உடம்பு என்னமோ பண்ணுது" என்கிறது, நமக்கோ லீவு சொல்லவே முடியாத நாள். இந்த அவசரத்தில்தான் தப்பான முடிவு எடுப்போம், நானும் எடுத்திருக்கிறேன். முதல் முறை இதில் மாட்டிக்கொண்ட அப்பா அம்மாக்களுக்காக, நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. மருந்துக்கு முன்னால் தெர்மாமீட்டர்

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது நம் கை எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதை நம்பாதீர்கள். அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, தெர்மாமீட்டரின் நுனி சட்டையில் படாமல் தோலில் படும்படி நடுவில் வைத்து, சத்தம் வரும்வரை கையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ், அதற்கு மேலே இருந்தால் காய்ச்சல், பள்ளி கிடையாது. அக்குளில் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அதனால் 99.5 காட்டி பிள்ளையும் சோர்ந்து கிடந்தால் அரைமணி கழித்து இன்னொரு தடவை பாருங்கள்.

என் பெரியவளுக்கு ஒருநாள் ஆறு மணிக்கே உடம்பு சுட்டது. பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன், ஏழரைக்குப் பார்த்தால் 98.8, அப்பாடா என்று சீருடை மாட்டி அனுப்பிவிட்டேன். பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன்: மேஜையில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள், 102. அந்த மருந்தின் வேலை 4 முதல் 6 மணி நேரம்தான், சூட்டைக் குறைக்குமே தவிர நோயை விரட்டாது. அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அப்புறம்தான் பள்ளி.

2. வாந்தி, வயிற்றுப்போக்கு

கடைசியாக நின்றதிலிருந்து 48 மணி நேரம் வீட்டில். 24 போதும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு, ஆனால் பிள்ளை தெளிந்த பிறகும் கிருமி வெளியேறிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் நான் 48-ஐ விடுவதில்லை. இன்னொன்று, இந்த மாதிரி வயிற்றுக் கிருமிகள் சிலவற்றிடம் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது, சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும்.

3. சளி, இருமல்

வெறும் மூக்கொழுகலுக்கெல்லாம் நிறுத்தினால் வருஷத்தில் பாதி நாள் வீட்டில்தான். சளி பச்சையாகிவிட்டதே என்று பதற வேண்டாம், சாதாரண ஜலதோஷத்திலும் நிறம் அப்படி மாறும். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், அது முழுக்க நிற்கும்வரை காத்திருக்க முடியாது. சாப்பிடுகிறதா, விளையாடுகிறதா, ராத்திரி தூங்கியதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அனுப்பலாம். இருமி இருமி ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து என்ன படிக்கப்போகிறது, படுக்கட்டும். மூச்சில் விசில் சத்தம் கேட்டால் டாக்டரிடம்.

4. தோலில், தொண்டையில் ஏதாவது

சின்னம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும்வரை வீட்டில், பெரும்பாலும் தடிப்பு வந்ததிலிருந்து 5 நாளாவது ஆகும். முடியை விலக்கித் தலையிலும், காதுக்குப் பின்னாலும் பாருங்கள், ஈரமான கொப்புளம் அங்கேதான் ஒளிந்திருக்கும். சின்னம்மையிலோ ஃப்ளூவிலோ ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ஆபத்து உண்டு. தட்டம்மைக்குத் தடிப்பு வந்த பிறகு 4 நாள், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் ஆரம்பித்து 5 நாள். பாக்டீரியாவால் வந்த தொண்டைப் புண் என்று டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், ஆரம்பித்து ஒரு நாள் போகட்டும். பேன்? தாராளமாக அனுப்பலாம், வைத்தியத்தை மட்டும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

5. காய்ச்சலும் இல்லை, "வயிறு வலிக்குது"

இதுதான் கஷ்டமான கேஸ். ஒரே விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் நின்ற இடத்திலேயே ஒரு தடவை குதிக்கச் சொல்லுங்கள். தொப்புளைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே குதித்தால் பெரும்பாலும் பயமில்லை. வலது பக்கம் கீழே காட்டி, குதிக்கவே முடியாமல் குனிந்துகொண்டால் அப்பெண்டிக்ஸாக இருக்கலாம், நேரே மருத்துவமனை. விடுமுறை முடிந்த மறுநாள் மட்டும் வலி வருகிறது என்றால் நடிப்பு என்று திட்டாதீர்கள், பயத்திலும் வயிறு நிஜமாகவே வலிக்கும். வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறாய் என்று சும்மா கேட்டுப் பாருங்கள், விஷயம் வெளியே வரும்.

6. பள்ளியை மறந்துவிட்டு ஓட வேண்டியவை

மூச்சு வாங்கி விலா உள்ளே இழுப்பது, எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, வலிப்பு, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், எட்டு மணி நேரமாகியும் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, தேறிவிட்டது, அனுப்பப்போகிறீர்கள். வகுப்பாசிரியருக்குச் சின்னதாக ஒரு சீட்டு: கடைசியாகக் காய்ச்சல் எப்போது இருந்தது, இப்போது என்ன மருந்து, எந்த நம்பரில் கூப்பிட்டால் உடனே எடுப்பீர்கள். இரண்டு நாளைக்கு விளையாட்டு வகுப்பு வேண்டாம் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள், பிள்ளை தானாகச் சொல்லாது.