கண்கலங்க வைத்த பக்கத்தை மறுநாள் திரும்பப் படியுங்கள்

கதையில் மனத்தை உலுக்கும் காட்சி வந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்கு விரைந்துவிடாமல், தொண்டை அடைத்த அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் புத்தகத்தைச் சற்று மூடி வையுங்கள். மறுநாள் அந்தப் பக்கத்தை மட்டும் படித்து, அழுகை எதனால் வந்தது என்று பாருங்கள். உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்னைய நிலை கெட்டுத் தளர்தல்), வறுமை என நான்கைச் சொல்கிறது. இன்றும் இதைவிட நல்ல அளவுகோலை நான் கண்டதில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் நம்மை அழவைப்பது கோவலனின் இழப்பு என்றே முதலில் தோன்றும். நிதானமாகப் படிக்கும்போதுதான், கணவனைக் கள்வன் என்ற இளிவே கண்ணகியை அரசவைவரை நடத்தி வந்தது என்பதும், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகி உடைத்த தன் சிலம்பிலிருந்து அரசன் வாயருகே தெறித்தது மாணிக்கம் என்ற சின்னஞ்சிறு வேறுபாட்டில்தான் காட்சியின் கனம் முழுவதும் தங்கியிருக்கிறது என்பதும் புலப்படும். தானே கள்வன் என்று சொல்லி விழும் அரசனுக்கும் நம் கண்ணீரில் பங்கு உண்டு.

அண்மையில் ஓர் இழப்பைச் சந்தித்தவர்கள் இத்தகைய பக்கங்களைச் சில மாதங்கள் தள்ளி வைப்பதில் தவறே இல்லை.