டஸ் வந்தால் எஸ் போகும்: ஆங்கிலத்தில் வினை யாரோடு சேரும்?

"வந்தேன்" என்றால் வந்தது யார் என்று தமிழில் யாரும் கேட்பதில்லை, விகுதியே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் "கேம்" என்று மட்டும் சொன்னால் நானா, நீயா, அவர்களா, தெரியாது. அதனால் எழுவாயை விடவே கூடாது. மழை பெய்வதற்குக்கூட "இட் இஸ் ரெயினிங்" என்று ஒப்புக்கு ஓர் "இட்" வைக்கிறார்கள். அது எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டாம், எதையும் குறிக்காது.

படி 1. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நீளும் பெரிய அட்டவணையை ஓரம் வையுங்கள். நோட்டின் நடுவே ஒரு கோடு போதும். இடப்பக்கம் ஹீ, ஷீ, இட். வலப்பக்கம் ஐ, யூ, வீ, தே. நிகழ்காலத்தில் இடப்பக்கத்துக்கு மட்டும் வினையில் எஸ்: ஹீ வொர்க்ஸ், தே வொர்க். ராணி, அப்பா, பஸ் என ஒருமைப் பெயர் எல்லாம் இடப்பக்கம்தான்.

படி 2. "ஆம், இஸ், ஆர்" தனிக் கணக்கு. ஐ ஆம், ஹீ, ஷீ, இட் இஸ், மற்றதெல்லாம் ஆர். இறந்தகாலத்தில் "ஐ" கட்சி மாறி "ஹீ"யோடு சேர்ந்துகொள்ளும்: ஐ வாஸ், ஹீ வாஸ், தே வேர். மற்ற வினைகளுக்கு இறந்தகாலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. "அவர் டாக்டர்" என்பதில் வினை இல்லாததால் பலர் "ஹீ டாக்டர்" என்று விட்டுவிடுகிறார்கள். "ஹீ இஸ் எ டாக்டர்" என்பதே சரி.

படி 3. அதிகம் வழுக்குவது இங்கேதான். "டஸ் ஹீ வொர்க்ஸ்?" தவறு. வாக்கியத்துக்குக் கிடைப்பது ஒரே ஓர் எஸ். கேள்வியிலும் மறுப்பிலும் "டூ" உள்ளே வந்து அந்த எஸ்ஸை வாங்கிக்கொண்டு "டஸ்" ஆகிவிடுகிறது, வினை வெறுங்கையோடு நிற்கும்: டஸ் ஹீ வொர்க்? ஷீ டஸின்ட் ஈட். இறந்தகாலத்தை "டிட்" வாங்கிக்கொள்வதும் இதே கதை. "டிட் யூ வென்ட்" அல்ல, "டிட் யூ கோ". கேன், வில், மஸ்ட் வந்தால் யாருக்கும் எஸ் இல்லை: ஹீ கேன் ஸ்விம்.

படி 4. மரியாதை. "அப்பா வருகிறார்" என்பதை மனதில் வைத்து "மை ஃபாதர் ஆர் கமிங்" என்று எழுதுபவர்கள் உண்டு. நம் "ஆர்" விகுதியும் அவர்கள் "ஆர்" வினையும் ஒரே ஒலி, உறவு எதுவும் கிடையாது. ஆங்கில வினைக்கு மரியாதை தெரியாது. பிரதமருக்கும் இஸ், பூனைக்கும் இஸ். "எவ்ரிபடி"யும் ஏமாற்றும். பொருள் எல்லாரும், இடம் இடப்பக்கம்: எவ்ரிபடி நோஸ்.

பழக, "ஐ"யில் தொடங்கும் பத்து வாக்கியங்களைக் கையால் எழுதி, ஒவ்வொன்றையும் "ஹீ"க்கு மாற்றுங்கள், பிறகு கேள்வியாக்குங்கள். கைபேசி வேண்டாம், விட்ட எஸ்ஸை அதுவே போட்டுவிடும்.

பிற்சேர்க்கை: ஆணா பெண்ணா தெரியாத ஒருவரையும் "தே" என்பார்கள். ஆள் ஒன்றானாலும் வினை "ஆர்"தான், ஒருவரிடமே "யூ ஆர்" என்பதுபோல. கதவருகே நிற்பவர் ஒரே ஆள்: சம்வன் இஸ் அட் தி டோர், தே ஆர் வெயிட்டிங்.