கேம்பர்வேனில் அந்தலூசியாவின் வெள்ளை ஊர்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு

தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியா பகுதியில், மலாகா, காதிஸ் மாகாண மலைகளில் சுண்ணாம்பு பூசிய வீடுகளோடு வரிசையாகச் சிறு ஊர்கள் இருக்கின்றன. அங்கே கேம்பர்வேனில் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள வேன்) போகிறவர்களுக்கு முக்கியமான விதி ஒன்றுதான்: வண்டி அடிவாரத்தில் நிற்கட்டும், ஊருக்குள் நடந்து போங்கள். ஒரு காலத்தில் கிரனாடா முஸ்லிம் அரசுக்கும் காஸ்தீல் என்ற கிறிஸ்தவ அரசுக்கும் நடுவே எல்லையாக இருந்த பகுதி இது. எதிரி எளிதில் ஏற முடியாத உச்சிகளில்தான் ஊரைக் கட்டினார்கள். அந்தத் தெருக்கள் இன்றும் அதே அகலம்தான்.

1. காலமும் காகிதமும்

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை போங்கள். கோடையில் சமவெளியில் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நின்ற வேனுக்குள் இரவில் தூங்கவே முடியாது. இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். ஓட்டும்போது இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

2. வேன்

6 மீட்டருக்கு மேல் நீளமானதை எடுக்காதீர்கள். மொத்த எடை 3.5 டன்னுக்குள் இருந்தால் கார் லைசென்ஸே போதும். சாவி வாங்கும்போது அவசரப்படாமல் எல்லாவற்றையும் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்: நல்ல தண்ணீர் டேங்க், கழிவுநீர் டேங்க், கழிப்பறைப் பெட்டியை வெளியே எடுக்கும் விதம், கேஸ் வால்வு. போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் இரவில் விளக்கு எரியாதபோது உதவும். வேனின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

3. பாதை

மலாகாவிலிருந்து ஏ-357, பிறகு ஏ-367 சாலை வழியாக முதல் ஊரான ரோந்தா. கடற்கரையிலிருந்து ஏறும் ஏ-397 அழகான சாலைதான், ஆனால் வளைவு அதிகம். வலப்பக்கம் ஓட்டியே பழகாதவர்கள் முதல் நாளில் அதைத் தொட வேண்டாம்.

ரோந்தாவில் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் புதுப்பாலம் 1793-இல் கட்டி முடிந்தது. உயரம் சுமார் 98 மீட்டர். மேலே நின்று பார்ப்பதைவிடக் கீழே நடைபாதையில் இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் அதன் பிரம்மாண்டம் தெரியும். அடுத்த ஊரின் பெயர் செத்தெனில். த்ரேஹோ ஆறு அரித்த பாறைக் குடைவுக்குள் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். பாறையே பல வீடுகளுக்குக் கூரை. பிறகு ஓல்வேரா வழியாக ஸஹாரா தே லா சியர்ரா. கீழே நீலப்பச்சையாக நீர்த்தேக்கம், மேலே கோட்டைக் கோபுரம். ரோந்தாவில் இருக்கும் கூட்டம் இங்கே இல்லை. ஒரு மாலை முழுவதையும் இந்த ஊருக்குக் கொடுங்கள்.

ஸஹாராவிலிருந்து கிராஸலேமாவுக்கு நேர்வழி, உயரே ஏறிப் போகும் பலோமாஸ் கணவாய். குறுகிய சாலை, கொண்டை ஊசி வளைவுகள். மேகமோ காற்றோ இருந்தால் ரோந்தா சாலைக்குத் திரும்பி ஏ-372 வழியாகப் போங்கள். அட்லாண்டிக் ஈரக்காற்று இந்த மலைகளில்தான் முதலில் மோதுகிறது. அதனால் கிராஸலேமாவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. வறண்ட அந்தலூசியாவில் பின்ஸாப்போ என்ற அரிய ஊசியிலை மரம் இங்கே காடாக நிற்பதும் அதனால்தான். பக்கத்து வில்லாலுவெங்காவில் பயோயோ ஆட்டுப் பாலாடைக்கட்டியை வாங்காமல் வராதீர்கள்.

கடைசி ஊர் ஆர்கோஸ். தயவுசெய்து மேலே உள்ள பழைய ஊருக்குள் வேனை ஏற்றாதீர்கள்.

4. மலைச்சாலை

இறக்கத்தில் இரண்டாவது கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். குறுகலான செங்குத்துச் சாலையில் ஏறி வருகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் கார் சேர்ந்தால் இடம் பார்த்து ஒதுங்கி வழி விடுங்கள். அப்புறம், போன் மேப்பில் ஊர்ப் பெயரை மட்டும் போடாதீர்கள். அது குறுக்குவழி என்று பழைய ஊரின் சந்துக்குள் இழுத்துப் போகும். வாகன நிறுத்துமிடத்தையே இலக்காகக் குறியுங்கள்.

5. இரவு

இதில்தான் புதியவர்களுக்குக் குழப்பம். ஸ்பெயினில் முறையாக நிறுத்திய வேனுக்குள் தூங்குவது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் சக்கரங்கள் மட்டுமே தரையைத் தொட வேண்டும்; ஒரு நாற்காலியை வெளியே போட்டாலோ பந்தலை விரித்தாலோ அது முகாம் ஆகிவிடும், அபராதம் வரும். சொட்டுக் கழிவுநீரும் வெளியே விழக்கூடாது. நகராட்சிகள் தனியாகத் தடை வைக்கலாம், பலகையைப் படியுங்கள். கிராஸலேமா இயற்கைப் பூங்காவுக்குள் சாலையோரம் இரவு தங்க நினைக்காதீர்கள். கேம்ப்சைட்டுக்கோ, 'அரேயா தே ஆட்டோகாரவானாஸ்' எனப்படும் வேன் நிறுத்தங்களுக்கோ போங்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள இடம், வெளியே அடுப்பு மூட்டவே வேண்டாம்.

6. தண்ணீரும் கடையும்

அந்த நிறுத்தங்களில் பெரும்பாலும் தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் தனித்தனி இடம் இருக்கும். கழிப்பறைப் பெட்டியை அலசும் குழாயில் குடிநீர் பிடிக்காதீர்கள். சிற்றூர்க் கடைகள் மதியம் 2 மணி வாக்கில் மூடி மாலையில்தான் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. சனிக்கிழமை காலையிலேயே காய்கறி, ரொட்டி, டீசல் எல்லாம் நிரப்பிவிடுங்கள்.

வேனைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவை, கழிவு கொட்டும் வசதி உள்ள இடத்தில் கழியுங்கள். டேங்குகளைக் காலி செய்யாமல் கொடுத்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.